படுத்திருக்கும் உடலும் எழுந்து நிற்கும் உடலும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மருத்துவ அறிவியலின் ஒரு துறையை ஆண்டுதோறும் தமிழில் விளக்கவேண்டும் என்பதே இந்த அறக்கட்டளையின் நோக்கம். இந்த ஆண்டு என்னிடம் அந்தப் பொறுப்பைத் தந்தபோது, விண்வெளி மருத்துவத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். ராக்கெட்டைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கட்டிலைப் பற்றிப் பேசப்போகிறேன். எடையற்ற நிலையை ஆராய்வதற்காக, நல்ல ஆரோக்கியமுள்ள மனிதர்களை நாள்கணக்கில், மாதக்கணக்கில் கட்டிலில் படுக்கவைத்து ஆராய்ந்து வருகிறார்கள். அப்படிப் படுத்திருக்கும் உடலில் ஹார்மோன்கள் எப்படி மாறுகின்றன? அந்த மாற்றம் ஆணுக்கும் பெண்ணுக்கும், இளையவருக்கும் முதியவருக்கும் ஒன்றுதானா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதும் பாலும் உடலில் ஏற்படுத்தும் வேறுபாடு, படுத்திருக்கும்போது பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. எழுந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. ஆகவே படுத்திருப்பவரின் இரத்தத்தை மட்டும் பரிசோதித்து "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடுவது பாதி உண்மை மட்டுமே. விண்வெளி வீரருக்கு இது எவ்வளவு பொருந்துமோ, நம் மருத்துவமனையில் படுத்திருக்கும் பாட்டிக்கும் அவ்வளவு பொருந்தும்.

கட்டில் ஆய்வுக்கூடமான வரலாறு

1970 ஜூன் மாதம் சோயுஸ் 9 விண்கலத்தில் ஆந்திரியான் நிக்கோலாயெவ், விட்டாலி செவஸ்தியானோவ் இருவரும் ஏறக்குறைய 18 நாட்கள் பூமியைச் சுற்றினார்கள். அதுவரை எவரும் அவ்வளவு காலம் மேலே இருந்ததில்லை. திரும்பி வந்தபோது துணையில்லாமல் அவர்களால் நடக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் விண்ணிலிருந்து திரும்பிய சோவியத் வீரர்கள் இன்னொன்றையும் சொன்னார்கள். சமமான கட்டிலில் படுத்தால் கால்பக்கமாகச் சரிந்து விழுவதுபோல் இருக்கிறது, தூக்கம் வருவதில்லை என்றார்கள். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்திய பிறகுதான் அவர்களுக்குச் சமமாகப் படுத்திருக்கும் உணர்வு வந்தது. மருத்துவர்கள் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். தலையைச் சற்றுத் தாழ்த்திப் படுக்கவைத்தால், எடையின்மையில் நேர்வதுபோலவே உடலின் நீர் தலைப்பக்கம் நகரும் என்று கண்டார்கள். பல கோணங்களைச் சோதித்த பிறகு 6 பாகைத் தாழ்வு நிலைத்தது. இன்று மாஸ்கோவிலும், பிரான்ஸின் துலூஸிலும், ஜெர்மனியின் கொலோனிலும் அதுவே அளவுகோல்.

அந்தக் கட்டிலில் ஒருநாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். உணவும் குளியலும் படுத்தபடியேதான். மலம், சிறுநீர் கழிப்பதும் அப்படியே. தலையணை கிடையாது. ஐரோப்பிய ஆய்வுகளில் ஒரு விதி உண்டு: எந்நேரமும் ஒரு தோளாவது மெத்தையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாப்பிடும்போது ஒருக்களித்துக்கொள்ளலாம், எழுந்து உட்காரக் கூடாது. குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. தட்டில் வைக்கும் உணவில் உப்பு எவ்வளவு என்று எடைபோட்டிருப்பார்கள். 24 மணிநேரச் சிறுநீரும் ஒரு துளி விடாமல் சேகரிக்கப்படும். விடியற்காலையில், உடலை அசைப்பதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிடுவார்கள். இத்தனை கட்டுப்பாடு எதற்கு? ஹார்மோன்கள் அவ்வளவு நுட்பமானவை. ஒரு கை உப்பு, ஒரு மணிநேர நடை, ஒரு சின்ன பயம், எது வந்தாலும் அவற்றின் அளவு மாறிவிடும்.

நெஞ்சுக்கு வந்த நீர்

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான இரத்தம் கால்களிலும் அடிவயிற்றிலும் இறங்கித் தேங்குகிறது. உடனே இரத்தக்குழாய்ச் சுவர்களில் உள்ள அழுத்த உணரிகள் விழித்துக்கொள்கின்றன. நரம்பு முனைகளிலிருந்து நார்அட்ரினலின் வருகிறது, இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. சிறுநீரகம் ரெனினைச் சுரக்கிறது. ரெனின் தொடங்கிவைக்கும் சங்கிலியின் முடிவில் அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் வந்து உப்பைப் பிடித்துவைக்கிறது. பிட்யூட்டரியிலிருந்து வரும் வாசோபிரசின் நீரைப் பிடித்துவைக்கிறது. நிற்பது என்ற சாதாரணச் செயலுக்கு இத்தனை பேர் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

தலையைத் தாழ்த்திப் படுத்ததும் இது தலைகீழாகிறது. கால்களில் இருந்த இரத்தம் நெஞ்சுக்கு வருகிறது, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவைபோல அந்த விரிவு செயல்படுகிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன்களை அடக்குகிறது. 1956இல் ஓட்டோ கௌவர், ஜேம்ஸ் ஹென்றி இருவரும் இந்த அனிச்சைச் செயலை விளக்கினார்கள். இதயமே உப்பை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது என்பதை 1981இல் அடோல்ஃபோ தெ போல்ட் கண்டறிந்தார். அதைச் சுருக்கமாக ஏ.என்.பி. என்கிறோம். விளைவாக முதல் இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரும் உப்பும் கூடுதலாக வெளியேறுகின்றன, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைகிறது. அதன்பிறகு உடல் புதிய கணக்கில் நிலைகொள்கிறது. படுத்திருக்கும்வரை அந்தக் கணக்கில் குறையேதும் தெரியாது.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். கட்டில் விண்வெளிக்கு முழு மாற்று ஆகாது. படுத்திருப்பவரின் நெஞ்சிலிருந்து முதுகுநோக்கிப் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. இதயத்தை அடையும் சிரைகளின் அழுத்தம் கட்டிலில் முதலில் கூடுகிறது. விண்வெளியில் அளந்தபோது, எதிர்பார்ப்புக்கு மாறாக, அது குறைந்திருந்தது. ஆயினும் பிளாஸ்மா குறைவது, தசை கரைவது, எலும்பு இளைப்பது, திரும்பி நிற்கையில் மயக்கம் வருவது ஆகியவற்றில் இரண்டும் ஒரே பாதையில்தான் போகின்றன.

யாரைப் படுக்கவைத்தார்கள்?

இந்தத் துறையின் பழைய அறிவு பெரும்பாலும் இளம் ஆண்களின் உடலிலிருந்து வந்தது. 1986-87இல் மாஸ்கோவில் 370 நாட்கள் நடந்த புகழ்பெற்ற ஆய்விலும் படுத்திருந்தவர்கள் ஆண்கள். விண்ணுக்குப் போகிறவர்கள் விமானிகள், விமானிகள் ஆண்கள், ஆகவே ஆராய வேண்டியதும் ஆண் உடல் என்று அன்று நினைத்தார்கள்.

விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்) வரப்போகிறது என்றதும் அந்த நினைப்பு அசைந்தது. விமானியல்லாத அறிவியலாளர்களும், நடுத்தர வயதினரும், பெண்களும் போகப்போகிறார்கள் என்று தெரிந்தது. 1973இல் கலிஃபோர்னியாவிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், அமெரிக்க விமானப்படையின் செவிலியர் 12 பேரைக் கொண்டு பெண்களுக்கான முதல் படுக்கை ஆய்வு நடந்தது. எட்டுப் பேர் படுத்திருந்தார்கள். நால்வர் நடமாடியபடி ஒப்பீட்டுக்கு இருந்தார்கள். அடுத்துவந்த ஆண்டுகளில் அதே மையத்தில் 65 வயது வரையிலான பெண்களும் ஆண்களும் படுக்கவைக்கப்பட்டார்கள். பெண்களையும் மூத்தவர்களையும் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்ட அந்தத் துணிவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏழு நாள் படுக்கை, இரண்டு மணிநேர நிற்றல்

என் பேச்சின் நடுக்கம்பம் ஒரு ஆய்வுக் கட்டுரை. நாசாவின் ஜோன் வெர்னிகோஸும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்டது. எட்டு ஆண்கள், எட்டுப் பெண்கள். ஏழு நாட்கள், 6 பாகைத் தாழ்வு. படுக்கைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரையும் இரண்டு மணிநேரம் ஆடாமல் அசையாமல் நிற்கவைத்தார்கள்.

இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளிவிடும். ஆகவே நடக்கக் கூடாது. நின்றபடியே இருக்க வேண்டும். நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் அளக்கப்படுகின்றன. ஹார்மோன்களுக்காக இரத்தம் எடுக்கப்படுகிறது. உடலுக்கு வேறு எந்தத் துணையும் கிடையாது. அதன் சொந்த இருப்பு எவ்வளவு என்று அப்போது தெரிந்துவிடும்.

படுத்திருந்த ஏழு நாட்களில் என்ன கண்டார்கள்? நீர், உப்பு ஆகியவற்றைப் பொறுத்தவரை ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றே. இருவருக்கும் முதல் நாட்களில் சிறுநீரும் உப்பும் கூடுதலாகப் போயின. இருவருக்கும் பிளாஸ்மா குறைந்தது. வாசோபிரசின் அளவில் மாற்றமில்லை. வேறுபாடு பிட்யூட்டரி, அட்ரீனல் தொடர்பில்தான் இருந்தது. அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோன் அதிகாலையில் பெண்களுக்குக் குறைவாக இருந்தது. சிறுநீரில் வெளியேறும் கார்டிசால் ஆண்களுக்கு மட்டும் கூடி, ஆய்வு முடியும்வரை இறங்கவில்லை. ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் இரண்டாம் நாளில் சிறிது தாழ்ந்தது. கார்டிசால் வேறுபாட்டுக்கும் படுக்கை நிலைக்கும் தொடர்பில்லை என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நிற்கவைத்தபோது காட்சி மாறியது. படுக்கைக்கு முன்பே, நிற்பதற்குப் பெண்களின் ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் ஆண்களைவிடக் கூடுதலாக எழும்பின. படுக்கைக்குப் பிறகும் ஆல்டோஸ்டீரோனின் எழுச்சி பெண்களிடமே அதிகம். படுக்கைக்கு முன் நிற்கையில் இரத்த அழுத்தம் ஏறியது. ஏழு நாள் கழித்து நிற்கையில் அதே மனிதர்களுக்கு அழுத்தம் இறங்கியது, நாடி முன்னைவிட வேகமாக ஓடியது. ஏழே நாட்களில், ஆரோக்கியமான உடல்களில், இந்த நிலை.

ஆல்டோஸ்டீரோன் கூடுதலாக எழும்பினால் பெண்ணுக்குப் பாதுகாப்பு கூடுதல்தானே என்று கேட்கலாம். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஒரே வேலையைச் செய்ய ஒரு உடல் கூடுதலாக ஹார்மோன் சுரக்கிறது என்றால், அந்த வேலை அதற்குக் கூடுதல் பாரமாக இருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். 2002இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வலுச்சேர்க்கிறது. குறுகிய விண்ணோடப் பயணம் முடிந்து திரும்பிய 35 வீரர்களை இறங்கிய நாளில் நிற்கவைத்துப் பார்த்தார்கள். ஆண்கள் 30 பேரில் ஆறு பேர் மயக்கத்தின் விளிம்புக்கு வந்தார்கள். பெண்கள் ஐவர், ஐவருமே வந்தார்கள். எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் பெண்களின் இரத்தக்குழாய்கள் போதிய அளவு இறுகாததே முக்கியக் காரணம் என்பதை அந்த அளவீடுகள் காட்டின.

பெண்ணின் ஹார்மோன் கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு: அது மாதம் முழுவதும் ஒரே கணக்காக இருப்பதில்லை. மாதச் சுழற்சியின் பிற்பாதியில் உயரும் புரோஜெஸ்டிரோன், சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டீரோன் அமரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உப்பு நழுவுகிறது, அதை ஈடுகட்ட ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் ஏறுகின்றன. ஈஸ்ட்ரோஜன் உயர்ந்திருந்தால் வாசோபிரசினும் தாகமும் சற்று முன்னதாகவே எழுகின்றன. கருத்தடை மாத்திரை எடுப்பவருக்குக் கல்லீரல் கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தை அதிகமாக உருவாக்குகிறது. இரத்தத்தில் மொத்தக் கார்டிசால் உயர்ந்து தெரியும், ஆனால் வேலைசெய்யும் கார்டிசால் அந்த அளவுக்கு உயர்ந்திராது. எந்த நாளில் இரத்தம் எடுத்தோம், என்ன மாத்திரை எடுக்கிறார் என்று குறிக்காத ஆய்வு, பெண்ணைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. "பெண்களின் அளவீடுகள் நிலையாக இல்லை" என்று காரணம் காட்டி அவர்களை ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த ஏற்ற இறக்கமே ஆராயப்பட வேண்டியது என்பதே என் நிலைப்பாடு.

வயது எதை எடுத்துக்கொள்கிறது?

இனி வயதுக்கு வருவோம். ஆண்டுகள் ஏற ஏற ரெனினும் ஆல்டோஸ்டீரோனும் குறைகின்றன. உப்பை வெளியேற்றும் ஏ.என்.பி. கூடுகிறது. வாசோபிரசின் தாராளமாகவே வருகிறது, சிறுநீரகம்தான் அதன் சொல்லை முன்போல் கேட்பதில்லை. உடலில் நீர் குறைந்தும் தாகம் எடுப்பதில்லை. இரத்தத்தில் நார்அட்ரினலின் கூடுதலாகவே சுற்றுகிறது, ஆனால் அதற்கேற்ப இதயத்துடிப்பு ஏறுவதில்லை.

இவற்றை ஒன்றாக வைத்துப் பாருங்கள். படுக்கையில் கிடக்கும் முதியவரின் உடலும் இளைஞரைப்போலவே நீரையும் உப்பையும் வெளியேற்றும். எழுந்து நிற்கும் நேரத்தில் இழந்ததை மீட்க உப்பைப் பிடிக்கும் கை தளர்ந்திருக்கிறது, நீரைப் பிடிக்கும் கை தளர்ந்திருக்கிறது, தாகம் மங்கியிருக்கிறது, இதயம் விரைந்து ஈடுகொடுப்பதில்லை. படுத்திருக்கையில் அளந்த இரத்த அழுத்தம் இதில் எதையுமே சொல்லியிருக்காது. ரவுண்ட்ஸில் "பி.பி. நார்மல்" என்று எழுதிவிட்டு வந்த அன்று மாலையே, "கழிவறைக்குப் போக எழுந்தாங்க, அப்படியே சாய்ஞ்சிட்டாங்க" என்று செவிலியர் வந்து சொல்வதை வார்டில் பணியாற்றிய ஒவ்வொருவரும் கேட்டிருப்போம்.

தசைக்கும் இதே கதை. 2007இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் அர்கன்சாஸில், சராசரி 67 வயதுள்ள ஆரோக்கியமான ஆண்களையும் பெண்களையும் பத்து நாட்கள் படுக்கவைத்தார்கள். நோயில்லை, காய்ச்சலில்லை, உணவுக்குக் குறைவில்லை. பத்தே நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிற்று. தசையில் புரதம் உருவாகும் வேகம் 30 சதவீதம் தாழ்ந்தது. உண்மையான நோயாளிக்கு இதோடு அறுவைசிகிச்சையும் வலியும் காய்ச்சலும் சேரும், கார்டிசாலை உயர்த்தும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கைக்கு முன்பும் 14 நாள் படுக்கைக்குப் பின்பும் தன்னார்வலர்களுக்குக் கார்டிசால் செலுத்திப் பார்த்தார்கள். படுக்கைக்குப் பிறகு அதே கார்டிசால் தசையை முன்னைவிட அதிகமாகக் கரைத்தது. அசையாமை, நோய் தரும் கார்டிசாலின் கையில் கத்தியைக் கொடுக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்துவரும் ஆணுக்கும், மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜனின் காவலை இழந்த பெண்ணுக்கும் அதைத் தடுக்கும் ஆற்றல் ஏற்கெனவே குறைவு. பெண்ணுக்கு எலும்பும் சேர்ந்து போகிறது. அசைவற்ற எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து இரத்தத்தில் இறங்குகிறது, அதைக் கண்டு பாராதைராய்டு ஹார்மோன் அடங்குகிறது, செயல்படும் வைட்டமின் டி குறைகிறது, உணவிலிருந்து சுண்ணாம்பை ஈர்ப்பதும் குறைந்துவிடுகிறது.

ஆனால் எல்லாமே முதியவருக்குத்தான் மோசம் என்ற எளிய சூத்திரம் செல்லாது. ஸ்லோவேனியாவில் இளைய, மூத்த ஆண்களை இரண்டு வாரம் ஒன்றாகப் படுக்கவைத்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தசையையும் வலுவையும் மூத்தவர்கள் கூடுதலாக இழந்தார்கள், மீள்வதிலும் பின்தங்கினார்கள். வளர்சிதைமாற்றத்தில் நேர்ந்த மாறுதலோ மூத்தவர்களிடம் சிறியதாக இருந்தது. வயது ஒவ்வொரு அமைப்பையும் ஒவ்வொரு விதமாகத் தொடுகிறது. ஊகித்துச் சொல்லும் விஷயமல்ல இது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

செய்ய வேண்டியவை

மூத்தவர்களும் விண்ணுக்குப் போகிறார்கள். 1998இல் ஜான் கிளென் 77 வயதில் விண்ணோடத்தில் பறந்தார். 2025இல் டான் பெட்டிட் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து தன் 70ஆம் பிறந்தநாளில் தரையிறங்கினார். அவர்களைப் பாராட்டுவோம். எனினும் தனித்தனி மனிதர்களின் சாதனை அறிவியலாகிவிடாது. 2005இல் துலூஸில் 24 பெண்கள் 60 நாட்கள் தலைதாழ்த்திப் படுத்திருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேருக்குப் படுத்தபடியே உடற்பயிற்சி, எட்டுப் பேருக்குப் புரதம் மிகுந்த உணவு, எட்டுப் பேருக்கு இரண்டும் இல்லை. எதுவும் செய்யாதவர்களின் தொடைத்தசை 21 சதவீதம் குறைந்தது. புரதம் மட்டும் உண்டவர்களுக்கு 24 சதவீதம். பயிற்சி செய்தவர்களுக்கோ பெரிய இழப்பு இல்லை. சத்துமாவு கரைத்துக் கொடுத்தால் போதும் என்று நம்புகிற நம் வீடுகள் அறிந்துகொள்ள வேண்டிய முடிவு இது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 55 முதல் 65 வயதுவரையுள்ள ஆண்களையும் பெண்களையும் சேர்த்து 14 நாள் ஆய்வு நடந்திருக்கிறது. சரியான திசை அதுதான். மாதவிடாய் நின்ற பெண்கள்தாம் படுக்கையில் அதிகம் இழக்கக்கூடியவர்கள். படுக்கை ஆய்வுகளிலோ அவர்கள்தாம் மிகக் குறைவு.

நம் ககன்யான் திட்டத்துக்காக 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட விண்வெளி வீரர்கள் நால்வரும் விமானப்படையைச் சேர்ந்த ஆண்கள். அடுத்துவரும் அணிகளில் பெண்கள் இடம்பெறுவார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கான உடலியல் அளவீடுகளை இப்போதே, நம் மண்ணில், நம் மக்களைக் கொண்டு தொடங்குவதுதான் முறை. அத்தகைய ஆய்வைத் திட்டமிடும் இளம் ஆய்வாளர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஆண், பெண் முடிவுகளைக் கலந்து சராசரியாக்காமல் தனித்தனியே வெளியிடுங்கள். மாதச் சுழற்சியின் நாளையும், மாதவிடாய் நின்றிருந்தால் அதையும், எடுக்கும் ஹார்மோன் மாத்திரைகளையும் பதிவுசெய்யுங்கள். படுத்த அளவீட்டோடு நிறுத்தாதீர்கள், நிற்கவைத்து அளக்காமல் எந்த ஆய்வையும் முடிக்காதீர்கள்.

இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவ மாணவர்களுக்கு விண்வெளி நிலையம் தேவையில்லை. நாளைக் காலை நீங்கள் போகும் வார்டே போதும். இடுப்பெலும்பு முறிந்து அறுவைசிகிச்சை முடிந்த மூதாட்டி, நிமோனியா வந்து தேறிய முதியவர், யாராக இருந்தாலும், எழலாம் என்ற நிலை வந்த அன்றே துணையோடு எழுப்புங்கள். முதலில் படுத்த நிலையில் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள். நிற்கவைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால், அவர் குடித்த தண்ணீரையும், உண்ட உப்பையும், விழுங்கிய நீர்பிரிப்பு மாத்திரையையும் கணக்குப் பாருங்கள். தாகமில்லை என்று அவர் சொல்வதை நம்பித் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. "வயசானவங்க, நல்லா படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று நாம் சொல்வது அன்பினால்தான். ஆரோக்கியமான மனிதர்கள் தம் உடலைக் கட்டிலுக்குக் கொடுத்து நமக்குச் சொல்லித்தந்த பாடம், அந்த அன்புக்கு வேறொரு வடிவம் கேட்கிறது. மருத்துவர் சரி என்றால், வேளைக்கு வேளை கைபிடித்து எழுப்பி உட்காரவையுங்கள், நிற்கவையுங்கள், நாலடி நடக்கவையுங்கள். அதை மருந்துக்கு இணையாக மருத்துவர்கள் எழுதிக்கொடுக்க வேண்டும், வீட்டார் நிறைவேற்ற வேண்டும். ஆணா பெண்ணா, வயதென்ன என்று பார்த்து அந்த மருந்தின் அளவை நிர்ணயிக்கும் அறிவை ஆய்வாளர்கள் நமக்குத் தர வேண்டும். மூவரும் சேர்ந்து செய்தால்தான் இந்த அறிவு பயன்படும்.